திறன்பேசியில் நுழையும் ஒற்று

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்ந்த மனித உரிமைப் போராளி அகமது மன்சூரின் ஐபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்நாட்டுச் சிறைகளில் நிகழும் சித்திரவதைகளைப் பற்றிய புதிய செய்திகள் ஓர் இணைப்பில் உள்ளன என்று அது கூறியது. மறுநாளும் அத்தகைய செய்தி வந்தது. சிறைக்கொடுமைகளை வெளிக்கொணர்வதைத் தம் பணியாகக் கொண்ட ஒருவரை ஈர்க்க இதைவிடப் பொருத்தமான தூண்டில் வேறில்லை. ஆயினும் மன்சூர் அவ்விணைப்பைத் தொடவில்லை. 2011இலும் 2012இலும் வெவ்வேறு நிறுவனங்கள் ஆக்கிய உளவு மென்பொருள்கள் அவர்மீது ஏவப்பட்டிருந்தன. அப்பட்டறிவு அவரைத் தடுத்தது. வந்த செய்திகளை அப்படியே கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கிருந்த ஆய்வாளர்கள் பில் மார்சாக்கும் ஜான் ஸ்காட்-ரெயில்டனும், தம்மிடமிருந்த ஓர் ஐபோனை முற்றிலும் அழித்துப் புதுநிலைக்குக் கொணர்ந்து, அதில் அவ்விணைப்பைத் திறந்தனர். வெற்றுப் பக்கம் ஒன்று தோன்றியது. ஏறத்தாழப் பத்து நொடிகளில் உலாவி தானே மூடிக்கொண்டது. கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவே. கருவிக்குள் நிகழ்ந்ததோ ஒரு முழுமையான கைப்பற்றல்.

லுக்கவுட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்துடன் இணைந்து ஆராய்ந்தபோது, அதுவரை ஆப்பிள் நிறுவனமே அறிந்திராத மூன்று ஓட்டைகள் ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தது புலனாயிற்று. முதலாவது ஓட்டை, உலாவியின் அடித்தளமாகிய வெப்கிட்டில் இருந்தது. பக்கம் திறந்த அளவிலேயே அயலாரின் கட்டளைகள் கருவியில் இயங்க அது வழிவிட்டது. இரண்டாவது, இயங்குதளத்தின் உட்கரு நினைவகத்தில் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாவது, அவ்வுட்கருவின் நினைவகத்தைச் சிதைத்து, கருவியின் அனைத்து அதிகாரங்களையும் வந்தவன் கையில் ஒப்படைத்தது. ஆகஸ்ட் 25ஆம் நாள் ஐஓஎஸ் 9.3.5 என்னும் புதுப்பிப்பை வெளியிட்டு ஆப்பிள் மூன்றையும் அடைத்தது. அவ்வோட்டைகள் வழியே நுழைந்த உளவு மென்பொருளின் பெயர் பெகாசஸ். அதை ஆக்கியது 2010இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட என்எஸ்ஓ குழுமம். ஒரு மனிதர் ஓர் இணைப்பைத் தொடாமல் விட்டதனால் உலகெங்கும் உள்ள ஐபோன்கள் காப்புற்றன. அவரோ 2017 மார்ச்சில் கைது செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். திறன்பேசி உளவின் வரலாற்றை எழுதுவோர் மன்சூரின் பெயரை முதற்கண் எழுதக் கடமைப்பட்டவர்கள்.

செய்திகள் மறைகுறியாக்கம் பெற்றே செல்கின்றன. பிறகு எவ்வாறு திருடப்படுகின்றன என்று பலர் வினவுகின்றனர். வாட்ஸ்அப்பும் சிக்னலும் அளிக்கும் மறைகுறியாக்கம் வழியிடையே நிற்பவனிடமிருந்து செய்தியைக் காக்கிறது. ஆனால் அனுப்புவோர் தட்டச்சிடும்போதும் பெறுவோர் படிக்கும்போதும் செய்தி வெளிப்படையான எழுத்தாகவே திரையில் நிற்க வேண்டும். பெகாசஸ் போன்றவை வழியில் காத்திருப்பதில்லை. அந்த இரு முனைகளுள் ஒன்றில் குடியேறிக்கொள்கின்றன. இயங்குதளம் ஒவ்வொரு செயலியையும் அதற்குரிய எல்லைக்குள் நிறுத்தி, ஒலிவாங்கிக்கும் படக்கருவிக்கும் இருப்பிடத்துக்கும் தனித்தனியே இசைவு கேட்கிறது. உட்கருவைக் கைப்பற்றியவனுக்கு அவ்வெல்லைகள் இல்லை. இசைவு கேட்கும் அதிகாரி இப்போது அவனே. ஆதலால், கைப்பற்றப்பட்ட கருவியின் திரையைப் பார்த்து அக்கருவி நலமாக உள்ளதா என்று முடிவு செய்ய இயலாது. இந்த உண்மையை மனத்தில் இருத்திய பின்னரே கண்டறியும் வழிகளைப் பற்றிப் பேசுவது பொருளுடையதாகும்.

தூண்டிலைத் தொடாத மனிதரால் பிடிபட்டபின், ஒற்றர் தொழில் தூண்டிலே தேவைப்படாத வழிகளைத் தேடிற்று. 2019ஆம் ஆண்டு மே மாதம், வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவே பெகாசஸ் புகுவதை அந்நிறுவனம் கண்டது. அழைப்பை எடுக்க வேண்டியதில்லை. மணி ஒலித்தால் போதும். ஏறத்தாழ 1,400 கருவிகள் குறிவைக்கப்பட்டன. இந்தியாவின் வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் அவற்றின் உரிமையாளர்களுள் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் வாட்ஸ்அப் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பரில் என்எஸ்ஓ சட்டப்படி பொறுப்புடையது என்று நீதிமன்றம் அறிவித்தது. 2025 மே மாதம் நடுவர் குழு ஏறத்தாழ 16.7 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது. பின்னர் நீதிபதி அத்தொகையைப் பெரிதும் குறைத்தாலும், வாட்ஸ்அப்பைக் குறிவைக்கலாகாது என நிரந்தரத் தடையை விதித்தார்.

இவ்வகை நுழைவுகளுள் அறிவியல் நோக்கில் மிக வியப்புக்குரியது 2021இல் வெளிப்பட்டது. சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபோனைச் சிட்டிசன் லேப் அவ்வாண்டு மார்ச்சில் ஆராய்ந்து, அதன் காப்பு நகலைப் பெற்றிருந்தது. அந்நகலைப் பின்னர் மீண்டும் துருவியபோது, ஜிஃப் படங்கள் என்று பெயரிடப்பட்ட 31 கோப்புகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றும் ஜிஃப் அன்று. 27 கோப்புகள் ஒரே ஃபோட்டோஷாப் கோப்பின் நகல்கள். எஞ்சிய நான்கும் பிடிஎஃப் ஆவணங்கள். ஐபோனின் செய்திச் செயலி, அசையும் படங்களைத் தொடர்ந்து ஓடவைக்கும் பொருட்டு, வந்தவுடன் அவற்றைத் தானே திறந்து நகலெடுக்கும். திறக்கும் நூலகம் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. உள்ளீட்டைப் பார்த்தே வகையை முடிவு செய்கிறது. ஆகவே படம் என்று வந்த பிடிஎஃப், பயனர் தொடாமலே, பிடிஎஃப் ஆகவே படிக்கப்பட்டது.

அந்தப் பிடிஎஃப்பினுள் ஜேபிக்2 என்னும் பழைய படச் சுருக்க முறை ஒளிந்திருந்தது. அச்சிட்ட பக்கங்களை வருடிச் சேமிக்கும் அலுவலகக் கருவிகளுக்கென ஏற்பட்ட முறை அது. ஒத்த உருவமுடைய எழுத்துகளை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தை மிச்சப்படுத்தும். உருவங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை இணைக்கச் சில ஏரணச் செயல்கள் அதில் இடம்பெற்றுள்ளன. இவ்வளவுதான் அதன் ஆற்றல். அதில் நிரல் எழுத இயலாது என்றே எவரும் நினைப்பர். நுழைந்தவர்களோ ஓர் எண் மிகைப்பிழையைப் பற்றிக்கொண்டு, படத்துக்குரிய நினைவக எல்லையைத் தாண்டினர். பின்னர் 70,000க்கும் மேற்பட்ட படக் கட்டளைகளை அடுக்கி, அந்த ஏரணச் செயல்களைக் கொண்டே பதிவகங்களும் 64 பிட்டுகளைக் கூட்டும் கூட்டியும் ஒப்பீட்டியும் உடைய ஒரு சிறு கணினியைப் படச் சுருக்க முறைக்குள்ளேயே கட்டியெழுப்பினர். அக்கணினியில் அடுத்த கட்டத் தாக்குதலை ஓடவிட்டனர். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவினர் 2021 டிசம்பரில் இதை விரித்தெழுதியபோது, தாம் கண்டவற்றுள் தொழில்நுட்ப நுண்மை மிக்கவற்றுள் ஒன்றெனக் குறித்தனர். இத்தகைய மதிநுட்பம் ஒரு நோய்க்கு மருந்து காணச் செலவிடப்படாமல், ஒரு செயற்பாட்டாளரின் உரையாடலைக் களவாடச் செலவிடப்பட்டது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இனி, கண்டறிதல். மின்கலம் விரைவில் தீர்கிறது, கருவி சூடாகிறது, தரவுச் செலவு மிகுகிறது என்னும் அடையாளங்கள் எங்கும் கூறப்படுகின்றன. இவை மலிவான உளவுச் செயலிகளைக் காட்டிக்கொடுக்கக்கூடும். ஆனால் முதிர்ந்த மின்கலமும் தன்போக்கில் தீரும். இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பின் கருவி சில நாள் சூடாவதும் இயல்பே. உயர்தர உளவு மென்பொருளோ இவ்வடையாளங்களைத் தவிர்க்கவென்றே வடிவமைக்கப்படுகிறது. பெகாசஸின் ஆண்ட்ராய்டு வடிவத்தைக் கூகுளும் லுக்கவுட்டும் 2017இல் ஆராய்ந்தபோது, தன் வழங்கியை 60 நாள் தொடர்புகொள்ள இயலாவிடில் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று கண்டனர். அகப்படுவதைவிட அழிவதே மேல் என்று பயிற்றப்பட்ட ஒற்று அது.

அவ்வாறாயின் எவ்வாறு அகப்பட்டது? கருவி தன்போக்கில் எழுதிவைக்கும் பதிவுகளால் அகப்பட்டது. ஐபோன், எந்தச் செயற்பாடு எவ்வளவு தரவை அனுப்பியது, பெற்றது என்பதைத் தரவுப் பயன்பாட்டுக் கோப்பு ஒன்றில் இரு அட்டவணைகளாக எழுதுகிறது. ஒன்றில் செயற்பாட்டின் பெயர் இருக்கும். மற்றொன்றில் அச்செயற்பாடு பயன்படுத்திய அளவு இருக்கும். பெகாசஸ் தன் பெயரை முதல் அட்டவணையிலிருந்து அழிக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாவதில் இருந்த அளவை அழிக்கவில்லை. பேரேட்டில் கணக்குத் தலைப்பைக் கிழித்துவிட்டுச் செலவுத் தொகையை அப்படியே விட்டுச்சென்ற கையாடல்காரனின் நிலை அதற்கு ஏற்பட்டது. உரியவன் பெயரில்லாத அந்த வரிகளே, அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் பாதுகாப்பு ஆய்வகத்துக்குச் சான்றாயின. 2021 ஜூலையில், ஃபார்பிடன் ஸ்டோரீஸ் என்னும் அமைப்பும் 17 செய்தி நிறுவனங்களும் இணைந்து 50,000க்கும் மேற்பட்ட தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியல் ஒன்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தபோது, அறிவிப்பின் பின்னே நின்றது இத்தகைய பதிவாய்வே. அவ்வாய்வகம் தன் ஆய்வுக் கருவியை எம்விடி என்னும் பெயரில் திறமூல மென்பொருளாக எவரும் பயன்படுத்த வெளியிட்டது. அறிவியல் அறத்தோடு இயங்கும் முறை அதுவே என்பேன்.

2023இல் காஸ்பர்ஸ்கி என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தில் நிகழ்ந்ததும் இதற்கு ஒத்ததே. தம் அலுவலக வைஃபை வலையமைப்பைக் கண்காணித்த அந்நிறுவனத்தார், தம் ஊழியரின் ஐபோன்கள் சில அறியாத வழங்கிகளோடு பேசுவதைக் கண்டனர். கருவிக்குள்ளிருந்து பார்த்திருந்தால் ஒன்றும் தோன்றியிராது. கருவிக்கு வெளியே, அது பேசும் வழியில் நின்று பார்த்தமையால் தோன்றியது. காப்பு நகல்களை ஆராய்ந்தபோது, முன்பே வழக்கொழிந்த ஒரு செயற்பாட்டின் பெயர் தரவுப் பயன்பாட்டுப் பதிவில் மீண்டும் எழுந்திருந்தது. அந்த ஐபோன்களில் மற்றோர் அடையாளமும் உண்டு. புதிய இயங்குதளப் புதுப்பிப்பை நிறுவ முயன்றால் அது நிறைவேறாமல் நின்றது. புதுப்பிப்பு மீண்டும் மீண்டும் தோல்வியுறும் கருவியை எவரும் அலட்சியம் செய்யலாகாது. 2024 ஜனவரியில் அதே நிறுவனம், ஐபோன் அணைந்து மீளும்போது எழுதும் நிறுத்தப் பதிவிலும் பெகாசஸின் தடம் கிடைக்கக்கூடும் என்று காட்டியது. அணையும் வேளையில் விலகாமல் நிற்கும் செயற்பாடுகளின் இருப்பிடம் அப்பதிவில் இடம்பெறுகிறது. ஆகையால் அவ்வப்போது அணைத்து மீட்டவரின் கருவியிலேயே சான்று மிகுதியாகத் தங்கியிருந்தது.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை அரசன் உடனே கொள்ளலாகாது, ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தபோதே தெளியவேண்டும் என்கிறார். ஒற்றைக் கண்டறியவும் அந்த முறையே ஏற்றது. மின்கலம் தீர்வது ஒன்று மட்டும் சான்றாகாது. மின்கலப் பட்டியலில் நீங்கள் நிறுவாத செயலி, தரவுப் பட்டியலில் இரவு வேளைச் செலவு, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் நீங்கள் அறியாத கருவியின் நுழைவு என வெவ்வேறு இடங்களில் எழுந்த தடங்கள் ஒத்துப்போகும்போது ஐயம் வலுப்பெறுகிறது. ஆப்பிள், கூகுள், வாட்ஸ்அப் போன்ற நிறுவனங்களிடமிருந்தே எச்சரிக்கை வந்தால், அதை மற்றெல்லா அடையாளங்களினும் மேலாகக் கொள்ளவேண்டும். 2023 அக்டோபர் இறுதியில் இந்திய எதிர்க்கட்சித் தலைவர்கள் பலரும் செய்தியாளர் சிலரும் ஆப்பிளிடமிருந்து அத்தகைய எச்சரிக்கை பெற்றனர். ஆயினும் போலி எச்சரிக்கைகளும் உலவுகின்றன. உண்மையான ஆப்பிள் எச்சரிக்கை எந்த இணைப்பையும் தொடும்படியோ எந்தச் செயலியையும் நிறுவும்படியோ கேட்பதில்லை. ஆப்பிள் கணக்குப் பக்கத்தில் நேரே நுழைந்தால் அங்கும் அது தோன்றும்.

இருவகை வதந்திகளை இங்கே விலக்கிவிடுவது நன்று. *#21# என்று அழுத்தினால் ஒட்டுக் கேட்பது தெரிந்துவிடும் என்பது ஒன்று. அக்குறி உங்கள் அழைப்புகள் வேறோர் எண்ணுக்குத் திருப்பப்பட்டுள்ளனவா என்பதை மட்டுமே கூறும். ஒருமுறைக் கடவுச்சொல்லைத் திருட அழைப்பைத் திருப்பும் மோசடிக்கு எதிராக அது பயன்படும், உளவு மென்பொருளைக் காட்டாது. பேசியதைக் கேட்டே விளம்பரம் வருகிறது என்பது மற்றொன்று. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியை மறைவாகப் பதிந்தனுப்பும் செயலி எதையும் காணவில்லை; திரையில் நிகழ்வதைப் படம்பிடித்து அனுப்பும் செயலிகளையோ கண்டனர். நாம் அஞ்சுவது ஓரிடமாகவும் ஆபத்து வேறிடமாகவும் இருந்தமை எண்ணிப்பார்க்கத் தக்கது.

தொலைவிலிருந்து நுழைவது அரிது, பொருட்செலவு மிக்கது. கையில் வாங்கி நுழைவது எளிது. செர்பியச் செய்தியாளர் ஸ்லாவிஷா மிலானோவ் 2024 பிப்ரவரியில் சாலையில் நிறுத்தப்பட்டுக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தம் திறன்பேசியை அணைத்து வரவேற்பிடத்தில் வைத்துவிட்டுச் சென்றார். திரும்பப் பெற்றபோது, தரவும் வைஃபையும் அணைக்கப்பட்டிருந்ததைக் கவனித்தார். வேறொருவராயின் அவற்றைத் திரும்ப இயக்கிவிட்டு மறந்திருப்பர். அவரோ கருவியை ஆய்வுக்கு அளித்தார். செல்லபிரைட் நிறுவனத்தின் கருவியால் பூட்டு திறக்கப்பட்டதையும், நோவிஸ்பை என்னும் உளவுச் செயலி ஏற்றப்பட்டதையும் அம்னெஸ்டி கண்டறிந்து அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. மன்சூர் தொடாத இணைப்பு, மிலானோவ் கவனித்த இரு பொத்தான்கள்: உலகின் பெரும் ஆய்வகங்களுக்கு வேலை கொடுத்தவை இவையே.

நம் நாட்டில் மிகப் பலரை வருத்தும் உளவு அரசிடமிருந்தோ அயல்நாட்டு நிறுவனத்திடமிருந்தோ வருவதன்று, வீட்டிலிருந்து வருகிறது. மனைவியின் திறன்பேசியைக் கணவன் கண்காணிப்பது, காதலியின் செய்திகளைக் காதலன் படிப்பது, பிரிந்தபின்னும் இருப்பிடத்தைத் தொடர்வது ஆகியவை அன்பின் பெயராலும் அக்கறையின் பெயராலும் நடக்கின்றன. இவற்றுக்கு நுண்மையான ஓட்டை ஏதும் வேண்டியதில்லை. திரைப்பூட்டின் எண் தெரிந்தால் சில நிமிடங்கள் போதும். வாட்ஸ்அப்பைத் திறந்து, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்னும் பகுதியில் ஒரு கட்டக்குறியை வருடினால், எல்லாச் செய்திகளும் வேறொரு கணினியில் தோன்றத் தொடங்கும். ஐபோனாயின், ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லும் சரிபார்ப்புக் குறியும் கிடைத்தால் போதும். கருவியில் எதையும் நிறுவாமலே காப்பு நகலையும் படங்களையும் இருப்பிடத்தையும் அயலிலிருந்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டில், கூகுள் பிளே புரொடெக்ட் காவலை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஏபிகே என்னும் செயலிக் கோப்பு ஒன்றை நிறுவி, அதற்கு அணுகல்தன்மை உரிமையை வழங்கிவிட்டால், திரையில் தோன்றும் ஒவ்வோர் எழுத்தையும் அது படிக்கும். அணுகல்தன்மை என்பது பார்வையற்றோர்க்கும் கைவலிமை குன்றியோர்க்கும் திரையைப் படித்துக் காட்டவும் அவர்களுக்காக அழுத்தவும் ஏற்பட்ட அரிய வசதி. அதனையே ஒற்றர் வழியாக்கியது இத்துறையின் இழிவுகளுள் பேரிழிவு. போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பு, வங்கிச் சரிபார்ப்பு என்னும் பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளும் இதே உரிமையைக் கேட்டே பணத்தைக் களவாடுகின்றன.

ஆகவே வீட்டுவகை உளவைக் கண்டறிய விரும்புவோர், மின்கலத்தின் சூட்டைப் பார்ப்பதினும் இந்த இடங்களைப் பார்த்தல் வேண்டும். வாட்ஸ்அப்பின் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியல். கூகுள் கணக்கிலும் ஆப்பிள் கணக்கிலும் நுழைந்துள்ள கருவிகள். கூகுள் வரைபடத்தில் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொண்டிருப்போர். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அணுகல்தன்மை, அறிவிப்பு அணுகல், சாதன நிர்வாகி ஆகிய உரிமைகள் எந்தச் செயலிகளுக்கு உள்ளன என்பது. பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்பது. உளவுச் செயலி தன் முத்திரையை முகப்பிலிருந்து மறைக்கும். சிஸ்டம் சர்வீஸ் போன்ற பெயரை அணிந்திருக்கும். ஆனால் இவ்வுரிமைப் பட்டியல்களிலிருந்து மறைவது அதற்குக் கடினம். ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 12 முதலும், ஒலிவாங்கியோ படக்கருவியோ இயங்கும்போது திரையின் மேல்மூலையில் ஒரு வண்ணப் புள்ளி தோன்றுகிறது. எளிய செயலிகளுக்கு எதிராக அப்புள்ளி நல்ல காவல். உட்கருவைக் கைப்பற்றிய மென்பொருளுக்கு எதிராக அதனை நம்பியிருக்க முடியாது.

தடுத்தலில் முதலிடம் புதுப்பிப்புக்கே. ஓட்டை வெளிப்பட்டு அடைக்கப்பட்ட நாளிலிருந்து அது எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை. புதுப்பிக்காத கருவி அந்நாள் முதல் முன்னினும் பேராபத்தில் உள்ளது. உற்பத்தியாளர் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கருவியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதன்று. அடுத்தது, வாரம் ஒருமுறையேனும் கருவியை அணைத்து மீட்டல். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையே இதைப் பரிந்துரைத்துள்ளது. அண்மைக்கால உயர்தர உளவு மென்பொருள்கள் பல, தடத்தைக் குறைக்கும் பொருட்டு நிலைச்சேமிப்பில் தங்காமல் நினைவகத்தில் மட்டுமே வாழ்கின்றன. அணைத்தால் அவை அழிகின்றன. மீண்டும் நுழையக்கூடும் என்பது உண்மை. ஒவ்வொரு நுழைவும் புதிய தடத்தை விட்டுச்செல்லும் என்பதும் உண்மை.

செய்தியாளர், வழக்கறிஞர், போராட்டக் களத்தில் நிற்போர் ஆகியோர் ஐபோன் வைத்திருந்தால், ஐஓஎஸ் 16இல் வந்த லாக்டவுன் முறையை இயக்கிவைத்தல் நலம். அது செய்திகளில் வரும் பெரும்பாலான இணைப்புக் கோப்புகளைத் தடுக்கிறது. உலாவியின் சிக்கலான வசதிகளை நிறுத்துகிறது. முன்பின் அறியாதோரின் ஃபேஸ்டைம் அழைப்புகளை விலக்குகிறது. வசதி குறையும், நுழைவாயில்களும் குறையும். 2023 செப்டம்பரில் வெளிப்பட்ட மற்றொரு பெகாசஸ் தாக்குதலை இம்முறை தடுத்திருக்கும் என்று ஆப்பிளின் பாதுகாப்புப் பொறியாளர்கள் கூறியதாகச் சிட்டிசன் லேப் அறிவித்தது. ஆண்ட்ராய்டு 16இலும் இதற்கு இணையான மேம்பட்ட பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. மற்றோர்க்கு, ஆறு இலக்கத்துக்குக் குறையாத திரைப்பூட்டு, அதை எவருக்கும் சொல்லாமை, மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டாம்நிலைச் சரிபார்ப்பு, செயலிகளை உரிய அங்காடியிலிருந்தே பெறுதல் என்பனவற்றுக்குமேல் அதிகம் வேண்டியதில்லை. இலவசமாக வழங்கப்படும் உளவு நீக்கிச் செயலிகளை நாடி ஓடுவோர், பல வேளைகளில் புதிய உளவையே வீட்டுக்கு அழைத்துவருகின்றனர்.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பெகாசஸ் குறித்த வழக்கில் 2021 அக்டோபர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்னும் சொல்லைக் காட்டிய அளவில் நீதிமன்ற ஆய்விலிருந்து அரசு விலகிவிட முடியாது என்று கூறி, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. இரவீந்திரனின் மேற்பார்வையில் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. 29 கருவிகளை ஆராய்ந்த அக்குழு, ஐந்தில் தீங்கு மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகக் கூற இயலவில்லை என்றும் அறிவித்தது. ஒன்றிய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே கூறினார். குடிமகன் தன் கருவியை ஆய்வுக்கு ஒப்படைத்த பின்னும், அரசு வாய்திறக்க மறுப்பது மக்களாட்சிக்கு ஒவ்வாதது. வீட்டுவகை உளவுக்கோ சட்டம் தெளிவாகவே உள்ளது. இசைவின்றிப் பிறர் கருவியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். பெண்ணொருத்தியின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்பையும் கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் என்னும் குற்றமாகும். முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு.

இதைப் படிப்போருள் எவரேனும் இப்போதே அத்தகைய கண்காணிப்பில் சிக்கியிருக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். உளவுச் செயலியைக் கண்டவுடன் நீக்கிவிடாதீர்கள்; கருவியை உடனே அழித்துப் புதுநிலைக்குக் கொணரவும் வேண்டாம். நீக்கிய நொடியில் வைத்தவனுக்கு அது தெரிந்துவிடும். சான்றும் உடன் அழியும். முதலில் உங்கள் பாதுகாப்பை எண்ணுங்கள். அவன் கை படாத வேறொரு கருவியிலிருந்து நம்பத்தக்க ஒருவரிடம் பேசுங்கள். திரையில் கண்டவற்றை மற்றொரு கருவியால் படமெடுத்து நாள் நேரத்தோடு குறித்துவையுங்கள். கடவுச்சொற்களையும் அந்த மற்றொரு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பணமோசடியாயின், 1930 என்னும் எண்ணை எவ்வளவு விரைந்து அழைக்கிறீர்களோ அவ்வளவு பணத்தைத் தடுக்க வாய்ப்புண்டு; இணையக் குற்றங்களுக்கான தேசிய முறையீட்டுத் தளத்திலும் பதியலாம். துன்புறுத்தலுக்கு உள்ளான பெண்கள் 181 என்னும் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். முறையீட்டோடு கருவியை அப்படியே காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் ஒப்படையுங்கள்.